கத்தரித்த படங்கள்

ஒரு சிற்பத்தைக்கூடக் கண்ணால் பார்க்காமல் சிற்பக்கலையில் முதல் வகுப்பில் தேறிவிடலாம். அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் நாங்கள் அப்படித்தான் படித்தோம். பேராசிரியர் குறிப்பு சொல்லுவார், நாங்கள் குனிந்த தலை நிமிராமல் எழுதுவோம். வலது கால் மடிந்திருக்கிறது, இடது கால் தொங்குகிறது, முகத்தில் சாந்தம் நிலவுகிறது. எல்லாம் இங்கிலீஷில். அந்தச் சாந்தம் எப்படியிருக்கும் சார் என்று ஒருநாள் நான் கேட்டேன். வகுப்பே சிரித்தது. "சாந்தமாக இருக்கும் என்று சொன்னேனே" என்றார் அவர், சிரிக்காமல்.

துறையில் ஒரு படம் காட்டும் பெட்டி இருந்தது. கண்ணாடிச் சில்லில் பதித்த படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டும். அதன் விளக்கு எரிந்துபோயிருந்தது. புது விளக்கு சீமையிலிருந்து வரவேண்டும் என்றார்கள். நான் படித்து முடித்து வெளியேறும்வரை வரவில்லை. சில்லுகள் மரப்பெட்டிக்குள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததற்கு உதவியாளர் என் கையைத் தட்டிவிட்டார். உடைந்தால் யார் பதில் சொல்வது என்றார். உடையாமல் இருந்து அது யாருக்குப் பதில் சொன்னது என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. அப்போது கேட்கவில்லை. அதுபோன்ற கேள்விகளைப் பிறகு கேட்டேன், அதற்கான விலையையும் கொடுத்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

நான் கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். கரிசல் காடு, பருத்தி, கம்பு, உளுந்து. அப்பாவுக்கு நிலம் இருந்தது, மழை இருந்தால் வெள்ளாமை இருந்தது. பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்ததும் நான் மேலே படிக்கவேண்டும் என்றபோது, டீச்சருக்குப் படிக்கப்போகிறாள் என்று ஊரில் நினைத்தார்கள். இல்லை என்று தெரிந்ததும், "அவ செலைக்குப் படிக்காளாம்ல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். ஆனால் ரயிலேற்றிவிட்டார்.

சென்னைக்குப் போகும்போது என் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு தடித்த படத் தொகுப்பு இருந்தது. நானே தைத்தது. பள்ளிக்கூட நாள் முதல் சேர்த்த படங்கள் அதில் இருந்தன. கோவில்பட்டியில் அப்பா பருத்தி போடும் கமிஷன் கடைக்கு எதிரே பழைய பேப்பர் கடை வைத்திருந்தவர் ஒரு முஸ்லிம். அப்பாவுக்கு அவர் 'பாய்', எனக்கு 'மாமா'. அதிகாரிகள் பங்களா, மில் மானேஜர் வீடு, ரயில்வே ஸ்டேஷன் என்று எங்கெங்கிருந்தோ பழைய பத்திரிகைகளும் காலண்டர்களும் அவர் கடைக்கு எடைக்கு வரும். மளிகைக் கடைகள் பொட்டலம் மடிக்க வாங்கிக்கொண்டு போகும். ஒருநாள் குவியலின் மேலே ஒரு நடராசர் படத்தைப் பார்த்து, அந்தப் பக்கத்தை மட்டும் கேட்டேன். கத்தரிக்கோலை என் கையில் கொடுத்து, "நீயே வெட்டிக்க தாயி, கோணாம வெட்டு" என்றார். அன்று முதல் சிலை, கோயில், கோபுரம் என்று எது வந்தாலும் தனியாக எடுத்துவைப்பார். சீமைப் பத்திரிகையில் வந்த, கையில்லாத பளிங்குப் பெண் சிலை ஒன்றைக் கொஞ்சம் கூச்சத்தோடு வேறு பேப்பருக்குள் சுற்றிக் கொடுத்தார். "இதும் செலைதான் போலிருக்கு" என்றார்.

ஒவ்வொன்றையும் பழுப்புத் தாளில் ஒட்டி, கீழே ஊரும் தெரிந்தால் காலமும் எழுதுவேன். ரயில்வே விளம்பரத்தில் வந்த மாமல்லபுரம், ஊதுபத்தி காலண்டரில் வந்த தஞ்சாவூர், இங்கிலீஷ் வாரப் பத்திரிகையில் வந்த சாஞ்சி. எனக்கு இருந்த நூலகம் அதுதான். பெரிய நூலகம் சென்னையில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இருக்கத்தான் செய்தது. பல்கலைக்கழக நூலகத்தில் நீண்ட மண்டபத்தின் கடைசியில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள் நின்றன. உள்ளே, கையால் தூக்கவே சிரமமான பெரிய படத் தொகுதிகள். முதுகில் தங்க எழுத்து. கண்ணாடி வழியாக முதுகை வாசிக்கலாம். உள்ளே இருப்பதைப் பார்க்கவேண்டுமானால் ஆராய்ச்சியாளராக இருக்கவேண்டும், அல்லது துறைத் தலைவர் எழுதிக் கொடுக்கவேண்டும். எம்.ஏ. மாணவர்கள் பாடப் புத்தகம் மட்டும் வாங்கலாம். பாடப் புத்தகத்தில் படம் கிடையாது.

இரண்டாம் வருடம் ஒரு கட்டுரை எழுதவேண்டியிருந்தது. கழுகுமலையின் சமணச் சிற்பங்களை எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரிலிருந்து வண்டி கட்டிப் போகிற தூரம். திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் மலைக்கு மேலேறி, பாறை முழுக்க வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்த உருவங்களைப் பார்த்திருக்கிறேன். துறைத் தலைவர் மகிழ்ந்தார். நல்ல மனிதர் என்றே எல்லாரும் அவரைச் சொல்லுவார்கள். குரல் உயர்த்தமாட்டார், பெண்களை 'அம்மா' போட்டுத்தான் பேசுவார்.

"நல்ல தலைப்பும்மா. ஆனா பழைய படத் தொகுதி ஒண்ணு இருக்கு, ரொம்ப வருஷத்துக்கு முன்னால எடுத்த படங்கள். மழையிலயும் வெயிலிலயும் தேயறதுக்கு முன்னால எடுத்தது. அதைப் பார்க்காம நீ எழுதக்கூடாது" என்றார்.

"அது கண்ணாடி அலமாரியில இருக்கு சார். தரமாட்டேங்காங்க."

"நான் எழுதித் தரேன்."

எழுதித் தர அவருக்கு வெகுநாள் ஆயிற்று. மறந்துவிட்டேன் என்பார், நாளைக்கு வா என்பார். கடைசியில் வராந்தாவில் நடந்துகொண்டே ஒரு துண்டுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நூலகத்தில் அலமாரிக்குப் பொறுப்பான எழுத்தர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையைக் கழுவிட்டு வாம்மா" என்றார். கழுவிவிட்டு வந்தேன். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார். பென்சில் மட்டும். தொகுதியை அவரே சுமந்துவந்து மேசையில் வைத்துவிட்டு, என் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

திறந்தேன். முன்னுரை, பட அட்டவணை. அட்டவணையில் கழுகுமலை என்ற பெயருக்கு நேரே படங்களின் எண்கள் இருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்று இருக்கும், படம் உரசாமல் காக்க. அதைத் தூக்கினால் படம். அந்த எண்கள் வரும் இடத்துக்குப் போய் வெள்ளைத் தாளைத் தூக்கினேன். கீழே இன்னொரு வெள்ளைத் தாள். அதைத் தூக்கினேன். மறுபடி வெள்ளைத் தாள். படங்கள் இருந்த இடத்தில், தையலை ஒட்டி, நூல் பிடித்ததுபோல நேராக வெட்டிய விளிம்பு மட்டும் நின்றது. யாரோ பிளேடு வைத்து, அவசரமில்லாமல் எடுத்திருக்கிறார்கள்.

நானே தொகுதியைத் திருப்பி எழுத்தரிடம் காட்டினேன். அதைச் சொல்லவேண்டும். நானேதான் காட்டினேன்.

அவர் முகம் வெளுத்தது. பிறகு அவர் பார்வை தாளிலிருந்து என் கைக்கு வந்தது, கையிலிருந்து முகத்துக்கு வந்தது. "நீ வாங்கறதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்திச்சு" என்றார்.

"நீங்க எதுக்கதானே உக்காந்திருந்தீங்க? நான் எப்ப வெட்டினேன்?"

"தண்ணி குடிக்கப் போனேனே."

அவர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் நான் அத்தனை படங்களையும் வெட்டி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டேனாம். நூலக அதிகாரி வந்தார். என் பையைக் கொட்டினார்கள். இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு அதிகாரியே விடுதிக்கு வந்தார். விடுதி அம்மையார் என்னை வைத்துக்கொண்டே என் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். உள்பாவாடையும் துணியும் எடுத்துக் கட்டிலில் போட்டார்கள். அறை வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். அடியிலிருந்து என் படத் தொகுப்பு வெளியே வந்தது.

அதிகாரி அதைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் வெட்டிய படம். சிலை, கோயில், சிலை. "பார்த்தீங்களா? பழக்கமே இதுதான்" என்றார், விடுதி அம்மையாரைப் பார்த்து.

"அது காலண்டரு சார். அடியில ஊதுபத்திக் கம்பெனி பேரு இருக்கு பாருங்க."

அவர் பார்க்கவில்லை. வெட்டிய படம் வெட்டிய படம்தான். கழுகுமலைப் படம் ஒன்றுகூட அதில் இல்லையே என்றேன். விற்றிருப்பாய் என்றார். படமே பார்க்கக் கிடைக்காத ஊரில் பிறந்து, பொட்டலக் காகிதத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்த ஒருத்திக்கு எதிராக, அந்தப் பொறுக்கலையே சாட்சியாக நிறுத்தினார்கள். இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதும்போது பேனாமுனை தாளைக் கிழிக்கிறது.

அப்பாவுக்குத் தந்தி கொடுத்தார்கள். அப்பா வந்தார். கூடவே பேப்பர் கடை மாமாவும் வந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. "படம்னு தந்தியில இருந்திச்சாம். படம்னா நான்தான வரணும்?" என்றார் என்னிடம்.

துறைத் தலைவர் அறையில் விசாரணை. அவர் நடுவில், நூலக அதிகாரி ஒரு பக்கம். அப்பாவுக்கும் மாமாவுக்கும் நாற்காலி போட்டார்கள், இருவரும் உட்காரவில்லை. படத் தொகுப்பு மேசைமேல் கிடந்தது. மாமா அதைக் கண்டதும் கையை நீட்டினார், அதிகாரி நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"ஐயா, இதுல உள்ள படம் பூராவும் எங் கடையில எடைக்கு வந்த பேப்பரு. நாந்தான் எடுத்துக் குடுத்தேன். இந்தா, இது மில் மானேஜர் வீட்டுப் பேப்பரு. இது டேசன்ல கிழிச்சிப்போட்ட விளம்பரம். எது வேணும்னாலும் கேளுங்க, சொல்லுதேன்" என்றார் மாமா.

அதிகாரி துறைத் தலைவரைப் பார்த்துப் புன்னகைத்தார். "பழைய பேப்பர் வியாபாரி சாட்சி சொல்றார் சார்."

மாமாவுக்கு அந்தப் புன்னகை புரிந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், மறுபடி விரித்தார்.

துறைத் தலைவர் என்னிடம் இறங்கி வந்து பேசினார். அந்த மென்மையைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. "உங்க ஊர் மலைம்மா. படத்தைப் பார்த்ததும் ஆசை வந்திருக்கும். எனக்குப் புரியறது. வேணும்னு செஞ்சதுன்னு நான் சொல்லமாட்டேன். தெரியாம செஞ்சுட்டேன், மன்னிக்கணும்னு ரெண்டு வரி எழுதிக் கொடு. இதோட முடிச்சுடலாம்."

வெளியே வராந்தாவில் அப்பா என்னைத் தூணோரம் கூட்டிப்போனார். மாமா சற்றுத் தள்ளி நின்றார்.

"ஏட்டி, எங்கிட்ட மட்டும் சொல்லு. எடுத்தியா?"

"இல்லப்பா."

"ஆசைக்கு ஒண்ணு கூட?"

"அங்கன ஒரு படமும் இல்லப்பா. வெறும் தாளு. நான் பாக்கவே இல்ல."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். "அப்பொ எதுக்கு எழுதிக் குடுக்கணும்? படிப்பு போனா போகுது. ஊர்ல காடு கிடக்கு, வந்து களை எடு."

"படிப்ப ஏன் விடணும் அண்ணாச்சி? வெட்டினவன் விடட்டும்" என்றார் மாமா அங்கிருந்தே.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. படிப்பை விடச் சொல்லவும் அவர்களிடம் ஆதாரம் இல்லை. என் நூலக அட்டையை ரத்து செய்தார்கள். பரீட்சை எழுதலாம், நூலகப் படி ஏறக்கூடாது. விசாரணை முடியவில்லை என்று சொல்லி என் படத் தொகுப்பை அவர்களே வைத்துக்கொண்டார்கள். விடுதியில் பெண்கள் என்னோடு பேசினார்கள். ஆனால் நான் அறைக்குள் போனால் மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

நூலகம் போயிற்று, அருங்காட்சியகம் இருக்கிறதே என்று போனேன். பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் இடம், அட்டை கேட்கமாட்டார்கள். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்து, திமிங்கில எலும்பைப் பார்த்துவிட்டுப் போவார்கள். சிற்பக் கூடத்தில் ஆளே இருக்காது. பலவற்றில் 'கற்சிலை, தென்னிந்தியா' என்ற அட்டை மட்டும் தொங்கும். எந்த ஊர் என்று எழுத யாருக்கும் மனம் வரவில்லை. எந்த ஊரிலிருந்து தூக்கிவந்தார்களோ அந்த ஊர்க்காரர்கள் இங்கே வரமாட்டார்கள் என்ற தைரியம். ஒரு தூணோரம் நின்று பென்சிலை எடுத்தேன். காவலாளி வந்துவிட்டார்.

"வரையக்கூடாதும்மா. அனுமதி வேணும்."

"யார்கிட்ட வாங்கணும்?"

"உங்க காலேஜ் பெரியவர் எழுதித் தரணும்."

அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. சிலை முன்னால் நின்று, பார்த்து, மனத்தில் ஏற்றிக்கொண்டு, வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து வரைவேன். கை எப்படி மடங்கியது என்பது மறந்துபோகும். மறுபடி உள்ளே போவேன். காவலாளிக்கு இது விளையாட்டாகத் தெரிந்திருக்கவேண்டும். "திரும்பவுமா?" என்று சிரிப்பார். நான் சிரிக்கவில்லை. படிக்கவந்த ஒருத்தி இப்படி உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருப்பதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அரையாண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும், கழுகுமலைக்கே போனேன். கோவில்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில் போய்ச் சாயந்திர பஸ்ஸில் திரும்புவேன். அம்மா கம்பஞ்சோற்று உருண்டையும் மோரும் கட்டிக் கொடுப்பாள். பாறை அனலாகக் கொதிக்கும். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, நின்றும் உட்கார்ந்தும் வரைந்தேன். இங்கே யாரும் தடுக்கவில்லை. ஆனால் பல முகங்கள் தேய்ந்திருந்தன. யாரோ பெயர் வெட்டியிருந்தார்கள். பழைய படத்தில் இந்த மூக்கு இருந்திருக்கும், இந்த விரல் இருந்திருக்கும் என்று ஒவ்வோர் உருவத்திலும் தோன்றும். தோன்றத் தோன்ற எரிச்சல் ஏறும்.

எல்லாவற்றிலும் ஒரு சிற்பத்தில் அதிக நாள் நின்றேன். நடுவில் ஒரு தீர்த்தங்கரர், தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருக்கிறது. மேலே ஒருவன் பெரிய பாறையை இரண்டு கையாலும் தூக்கி, அவர்மேல் போட வருகிறான். கீழே அதே ஆள் தோற்றுப்போய்க் கும்பிடுகிறான். குறிப்பு சொல்லும்போது பேராசிரியர் நடுவில் நிற்பவரின் சாந்தத்தை மட்டும்தான் சொன்னார். பாறையைத் தூக்குகிறவனின் உடம்பைப் பார்க்கவேண்டும். முதுகு, தோள், பிடி, அத்தனையிலும் கோபம். கல்லில் அந்தக் கோபத்தை வெட்டியவன் அதை அற்பமாக நினைத்து வெட்டவில்லை. நான் அவனைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தேன். அவன் காலடிப் பாறையில் ஒரு விரிசல் எப்படி வளைந்து ஓடுகிறது என்பதுவரை என் கைக்குப் பழகிவிட்டது.

கட்டுரையை அந்த வரைபடங்களோடு கொடுத்தேன். 'வெளிவந்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை' என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி, மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார் துறைத் தலைவர்.

பரீட்சை முடிந்ததும் அவர் தன் மாணவர்களை வீட்டுக்கு அழைத்துக் காப்பி கொடுப்பது வழக்கம். எனக்குப் போக விருப்பமில்லை. வராவிட்டால் பயந்து வரவில்லை என்பார்கள் என்று கூடப் படித்த ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள். காற்றோட்டமான வீடு. முன்னறை முழுக்கப் புத்தகம். அவர் மனைவி தட்டில் கேசரி எடுத்துவந்தார். நான் கையில் வாங்கிக்கொண்டு, உட்கார இடம் தேடித் திரும்பினேன்.

எதிர்ச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பாறையைத் தூக்கிக்கொண்டு அவன் நின்றான்.

பழுப்பேறிய பழைய புகைப்படம், நல்ல தடித்த தாள். முகம் தேயவில்லை. மூக்கு இருந்தது. விரல்கள் இருந்தன. காலடியில் அதே விரிசல், இன்னும் சிறியதாக. படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் அச்சடித்த எண் இருந்தது. இடது விளிம்பு நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. மூலையில் ஊதா நிறத்தில் நூலக முத்திரையின் கால்வாசி, சட்டத்தின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தது.

கேசரித் தட்டைப் புத்தகங்களின்மேல் வைத்தேன்.

"சார், இது நூலகத்துப் படம்."

அவர் திரும்பி, அதை அன்றுதான் பார்ப்பவர்போல நெருங்கிப் பார்த்தார்.

"அட, ஆமா. என் ஆராய்ச்சி சமயத்துல எடுத்தது. திருப்பணும்னு நினைச்சேன், அப்படியே இருந்துடுத்து."

"கூட இருந்த மத்த படம்?"

"வெளிநாட்டுலேர்ந்து ஒரு நண்பர் வந்திருந்தார். ரொம்ப ஆசைப்பட்டார், அவருக்குக் கொடுத்தேன்." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அதில் வஞ்சகம் இல்லை. அவர் உண்மையிலேயே மறந்திருந்தார். என்னை அந்தத் தொகுதிக்கு அனுப்பியபோதும் மறந்திருந்தார், விசாரணையில் என் எதிரே உட்கார்ந்திருந்தபோதும் மறந்திருந்தார். தன் வீட்டுச் சுவரில் தினமும் பார்த்துக்கொண்டே, என்னை மன்னிப்பு எழுதச் சொல்லுமளவுக்கு மறந்திருந்தார். மறக்க முடிவதும் ஒரு வசதிதான். எங்களைப்போன்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

"எங்கப்பாவ தந்தி அடிச்சிக் கூப்பிட்டீங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "எம் பெட்டியத் திறந்து துணியெல்லாம் எடுத்துப் போட்டாவ. அவ்வளவு பேரும் பாத்தாவ. விசாரணையில நீங்க சும்மா உக்காந்திருந்தீங்க. ஆசை வந்திருக்கும்னு சொன்னீங்க. ஆசை ஒங்களுக்குத்தான சார் வந்திருக்கு?"

"இதோ பாரும்மா, ஒரு படத்துக்காக..." என்று தொடங்கினார்.

"ஒரு படந்தான் சார். அந்த ஒரு படத்தப் பாக்கத்தான் நான் அங்கேருந்து வந்தேன்."

அவர் மனைவி தட்டோடு அப்படியே நின்றார். என்னை இழுத்துவந்தவள் என் கையைப் பிடித்தாள், உதறினேன். நாற்காலியில் ஏறிச் சட்டத்தைக் கழற்றினேன். யாரும் தடுக்கவில்லை. "எடுத்துண்டு போயேன், அதுக்கென்ன" என்றார் அவர். அவருக்கு அது அவ்வளவுதான்.

சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பார்க்க அலுக்கவில்லை. கோபத்தில் கண் கலங்கிக் கலங்கி, பாதி வழிக்கு ஒன்றும் தெரியவில்லை. அட்டை ரத்தானபிறகு ஏறாத படியில் ஏறி, கண்ணாடி அலமாரி எழுத்தரின் மேசையில் சட்டத்தை வைத்தேன். எங்கிருந்து என்று சொன்னேன். அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"இதை எந்தக் கணக்கில வாங்கறதும்மா? வெளியே போனதா எழுத்தே இல்லியே."

"போனதுக்கு எழுத்து இல்ல. நான் எடுத்ததுக்கு மட்டும் எழுத்து இருந்திச்சோ?"

அதிகாரி வந்தார். கேட்டார். துறைத் தலைவர் பெயர் வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார். "சரி, சரி, வச்சுட்டுப் போ" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. என்னிடம் எழுதித் தரக் கேட்டார்களே, அந்த இரண்டு வரி, அதை அவர்கள் எனக்கு எழுதித் தரவில்லை.

"என் படத் தொகுப்ப குடுங்க."

அவர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தரையைப் பார்த்தார். "அந்தக் குப்பையா? வெள்ளையடிக்கறப்போ பழைய பேப்பரோட போட்டுட்டாங்க."

அப்போது நான் போட்ட சத்தத்துக்கு மண்டபமே நிமிர்ந்தது. என்ன சொன்னேன் என்று முழுக்க நினைவில்லை. தமிழில்தான் கத்தினேன், எங்கள் ஊர்த் தமிழில். அமைதி காக்கவும் என்ற பலகைக்குக் கீழே நின்றுகொண்டு கத்தினேன். காவலாளி வந்து வெளியே போகச் சொன்னார். போனேன்.

இரண்டாம் வகுப்பில் தேறினேன். ஆராய்ச்சிக்கு யாரும் என்னை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சரானேன். ஊர் முதலில் நினைத்ததுதான் கடைசியில் நடந்தது.

மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். படத் தொகுப்பு போன கதையைக் கேட்டதும் அவர் முகம் சுண்டியது. "எந்தக் கடைக்குப் போட்டானுவளோ" என்றார். எழுந்துபோய் ஒரு கட்டு எடுத்துவந்தார். நான் சென்னையில் இருந்த காலமெல்லாம் எடுத்துவைத்தவை.

"வேண்டாம் மாமா. இனி நான் வெட்ட மாட்டேன்."

"ஏன்? அவன் வெட்டினதுக்கு நீ எதுக்குக் கத்தரிக்கோலக் கீழ போடுத?" என்று அதட்டினார். அதற்குமுன் அவர் என்னை அதட்டியதில்லை. நான் உட்கார்ந்து வெட்டினேன்.

இந்தமுறை தொகுப்பாகத் தைக்கவில்லை. தனித்தனி அட்டையில் ஒட்டி, வகுப்பறையில் கதவில்லாத ஒரு தட்டில் அடுக்கினேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், கை கழுவவேண்டாம், வரையலாம். பிள்ளைகள் பார்த்தார்கள். எண்ணெய்க் கறை பட்டது, முனை மடங்கியது. சில அட்டைகள் காணாமல் போயின. தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, கதவு போட்டுப் பூட்டச் சொன்னார். மாட்டேன் என்றேன்.

"பிள்ளைகள் திருடுதாங்க டீச்சர். உங்களுக்கு அது பரவாயில்லியா? சென்னையில ஒரு படத்துக்கு அவ்வளவு சண்டை போட்டீங்கன்னு சொல்லுதாக."

நியாயமான கேள்விதான். நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். அந்தப் பிள்ளை ஒரு படத்தை எடுத்துப்போய்த் தன் வீட்டு மண்சுவரில் ஒட்டியிருப்பாள். அவள் ஒன்றும் வேறு யாரையும் பார்க்கவிடாமல் பூட்டிவைத்துவிட்டு, தனக்கு மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. தான் எடுத்ததற்காக இன்னொருத்தியை விசாரிக்கும்போது எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. போன படத்துக்குப் பதில் வேறொன்று நான் வெட்டி வைத்துக்கொள்வேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கோடை விடுமுறையில் தச்சரை விட்டுக் கதவு போட்டுவிட்டார். பள்ளி திறந்த அன்றைக்கே ஸ்குரூ டிரைவர் வாங்கிவந்து, அத்தனை பிள்ளைகளும் பார்க்க, இரண்டு கதவையும் கழற்றிச் சுவரில் சாய்த்தேன். அதற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். விளக்கம் எழுதினேன். மன்னிப்பு எழுதவில்லை.